கிளமென்ட் உதைத்த பந்து

போர் மறுபடி மூண்ட வருஷத்து ஆகஸ்ட் மாதத்தில், பனிச்சந்தி மைதானத்தில், ஆட்டம் முடிய ஒரு நிமிஷம்கூட இல்லாத நேரத்தில், கிளமென்ட் சவரிமுத்து உதைத்த பந்து மேலே போனது, போய்க்கொண்டே இருந்தது, பிறகு தேயிலைத் தொழிற்சாலைப் புகைபோக்கியைவிட இரண்டு மடங்கு உயரத்தில், நடுக்கோட்டுக்கு நேர் மேலே, நின்றுவிட்டது. நாங்கள் கொஞ்ச நேரம் வாயைத் திறந்துகொண்டு பார்த்தோம். கழுத்து வலித்ததும் கச்சான் கடலை விற்பவன் மறுபடி கூவத் தொடங்கினான், நாங்களும் வாங்கித் தின்னத் தொடங்கினோம்.

ரக்பி தெரியாதவர்களுக்கு இரண்டே விதிகளைச் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் தெரியாமலே இந்தக் கதையைக் கேட்கலாம், எங்கள் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் காலம் காலமாக ஆட்டம் பார்த்துக் கைதட்டுகிறோம். முதல் விதி, நேரம் முடிந்துவிட்டது என்பதற்காக ஆட்டம் முடிந்துவிடாது. பந்து ஓய வேண்டும். அது கோட்டுக்கு வெளியே போக வேண்டும், இல்லையென்றால் ஒருவர் அதைக் கொண்டுபோய்த் தன் பக்கத்துக் கடைசிக் கோட்டுக்குப் பின்னால் தரையில் வைக்க வேண்டும், அப்போதுதான் நடுவர் விசில் ஊதுவார். இரண்டாவது விதி, ஒருவன் பந்தை உதைக்கும்போது அவனுக்கு முன்னால் நிற்கிற அவன் அணிக்காரர்கள் யாரும் அதற்குமேல் முன்னேறக் கூடாது. உதைத்தவனே ஓடி வந்து அவர்களைத் தாண்ட வேண்டும், அல்லது அவனுக்குப் பின்னால் நின்ற ஒருவன் ஓடி வந்து தாண்ட வேண்டும், அதுவரை அவர்கள் நின்ற இடத்தில் நிற்க வேண்டியதுதான்.

கிளமென்ட் எப்போதும் கடைசி ஆள். பதினைந்தாம் இலக்க ஜேர்சி. அன்று அவன் உதைத்தது எங்கள் கடைசிக் கோட்டில் நின்று. அவனுக்கு முன்னால் பதினான்கு பேர், பின்னால் கோல் கம்பமும், முட்டைக்கோஸ் போட்ட கோவாப் பாத்தியும்தான்.

அவனைப் பற்றிச் சொல்லாமல் பந்தைப் பற்றி மட்டும் சொன்னால் நியாயமில்லை. தோட்டத்து லொறி ஓட்டிய சவரிமுத்துவின் மகன், தொழிலாளர் லயத்து அறையில் பிறந்தவன், துரைமார்கள் விளையாடுவதை வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, தேயிலைச் சாக்கைச் சுருட்டிக் கட்டி, மலைச்சரிவில் உதைத்து, அது உருண்டு ஆற்றில் விழுவதற்குள் ஓடிப் பிடித்துப் பழகியவன். வளர்ந்து தொழிற்சாலையில் எஞ்சின் பார்த்தான், சனிக்கிழமைகளில் எங்களுக்கு ஆடினான், பிறகு ஒரு நாள் நாட்டுக்கே ஆடினான். பேங்கொக்கில் அவன் ஆடிய ஆட்டத்தை ரேடியோவில் கேட்க பண்டாரவின் பேக்கரியில் தமிழர் சிங்களவர் முஸ்லிம் என்று ஊரே நெருக்கியடித்து நின்றது, அன்று பாண் கருகியதை யாரும் கவனிக்கவில்லை. மார்பில் சின்னம் பதித்த நாட்டு அணிக் கோட்டுடன் அவன் ரயிலில் வந்து இறங்கியபோது தோளில் தூக்கிக்கொண்டு வந்தோம். கலவரம் வந்த வருஷம், அவன் வீட்டை எரிக்க வெளியூரிலிருந்து வந்தவர்களில் இரண்டு பேர் அவனை அடையாளம் கண்டு, கைகுலுக்கி, பேங்கொக் ஆட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு, பக்கத்து வீட்டை எரித்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு அவன் அந்தக் கோட்டைப் போட்டதில்லை. ஆனால் விளையாட்டை விடவில்லை, ஏன் விடவில்லை என்று கேட்கிற துணிச்சல் எங்களில் யாருக்கும் இருந்ததில்லை.

அவன் மனைவி ஜெனோவா டீச்சர். பிள்ளை வரம் கேட்டு, வடக்கே மன்னார்ப் பக்கத்து மடு மாதா திருவிழாவுக்குப் போயிருந்தாள், அவன் ஆட்டம் முடிந்து மறுநாள் போய்ச் சேர்ந்துகொள்வதாகப் பேச்சு. பந்து மேலே நின்றுகொண்டிருக்க, எல்லாத் தலைகளும் அண்ணாந்திருக்க, மாதா கோயில் கங்காணி ரேடியோவைக் கையில் பிடித்தபடி கோட்டோரமாக ஓடி வந்தார். வடக்கே சண்டை முற்றிவிட்டது, மடுப் பாதையை மூடப் போகிறார்கள்.

கிளமென்ட் பந்தைப் பார்த்தான், ரேடியோவைப் பார்த்தான். அணித் தலைவன் பண்டாரவைக் கூப்பிட்டான்.

"பண்டா, நான் போயி டீச்சரக் கூட்டிக்கிட்டு வந்திர்றேன். நான் வர்ற வரைக்கும் யாரும் முன்னுக்குப் போவாதீங்க."

சொல்லிவிட்டுக் கோவாப் பாத்தியைத் தாண்டி, வீட்டில் பெட்டிக்குள் கிடந்த அந்தக் கோட்டை எடுத்து ஜேர்சிக்கு மேல் போட்டுக்கொண்டு, கிடைத்த லொறியில் ஏறிப் போய்விட்டான்.

நடுவர் தென்னக்கோன் மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். நேரம் முடிந்திருந்தது. பந்து ஓயவில்லை. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கும் ஒழுங்கும் படிப்பித்த மனிதர், விதி என்றால் விதி. "ஆட்டம் நடக்குது," என்று சொல்லி விசிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இரண்டு புள்ளி முன்னணியில் இருந்த கொழும்பு அணி இருட்டும் வரை காத்திருந்துவிட்டு, பந்து இறங்கினால் சொல்லியனுப்புங்கள் என்று பஸ் ஏறியது.

பந்து அங்கேயே இருந்தது. மழை அதை நனைத்தது, வெயில் காயவைத்தது. பகல் பன்னிரண்டு மணிக்கு அதன் நிழல் நடுக்கோட்டில் விழும்போது ஓட்டோக்காரர்கள் சாப்பிடப் போனார்கள். முருகன் கோயில் குருக்கள் அது நிற்கும் திசையைப் பார்த்து நாள் குறித்துக் கொடுத்தார், விகாரையின் பிக்கு ஹாமுதுரு அதற்கு நேர் கீழே பிரித் ஓதிக் காப்பு நூல் கட்டினார், பாதர் ஒரு மெழுகுவர்த்தி வைத்தார், மூன்று பேரும் அங்கே சந்தித்துக்கொண்டபோது மழையைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். வெளியூர்க்காரர்கள் யாராவது அண்ணாந்து பார்த்து அதென்ன என்று கேட்டால், அது எங்கள் பந்து, ஆட்டம் நடக்கிறது என்று சொல்லிவிட்டு எங்கள் வேலையைப் பார்த்தோம்.

அந்தப் பதினான்கு பேரின் பாடுதான் பெரும்பாடு. முதல் வாரம் மாலை மாலை வந்து அவரவர் இடத்தில் நின்றார்கள். பிறகு மைதானத்தில் நிற்பதை விட்டாலும் அந்த நிற்றல் அவர்களை விடவில்லை. ஒருவன் பஸ்ஸில் முன் கதவால் ஏறுவதை நிறுத்தினான். ஒருவன், கனடா போக எல்லாம் சரியாகியும், புறப்படுகிற காலையில், என்னால் முடியாது என்று செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்துக்கொண்டான். ஒருவன் நிச்சயித்த கல்யாணத்தைத் தள்ளிப் போட்டான், பெண் வீட்டார் வந்து சத்தம் போட்டபோது, "அவன் வரட்டும், அவன் என்னத் தாண்டட்டும், அடுத்த நாளே தாலி கட்டுறேன்," என்றான். பண்டார பேக்கரியின் முன் கதவை மூடிவிட்டுப் பின் வாசலில் பாண் விற்றான். நாங்களும் பின் வாசலில் போய் வாங்கினோம், வேறென்ன செய்ய.

செப்டம்பரில் ஜெனோவா வந்தாள். தனியாக வந்தாள். அவள் தோளில் அவனுடைய கோட்டு இருந்தது.

மடுவிலிருந்து வெளியேறிய கடைசி லொறியில் ஒரே ஓர் இடம்தான் இருந்ததாம். அவளைத் தூக்கி ஏற்றிவிட்டு, குளிருக்குக் கோட்டைக் கழற்றி அவள் தோளில் போட்டுவிட்டு, அவன் சொன்னானாம்: "நீ முன்னுக்குப் போ ஜெனோ. நான் பின்னாலயே வந்திர்றேன்."

அன்றைக்கு எங்கள் கணக்கில் அவனுக்கு முன்னால் நிற்பவர்கள் பதினைந்து பேரானார்கள்.

அந்தப் பாதையில் ஷெல் விழுந்தது, நடந்து வந்தவர்களில் நிறையப் பேர் செத்தார்கள் என்று செய்தி வந்தது. யாருடைய ஷெல் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள், விழுந்தவர்களுக்கு அதனால் ஒரு வித்தியாசமும் இல்லை. பாதர் மெதுவாக வந்து, அவன் ஆத்துமாவுக்குப் பூசை வைக்கலாமா மகள் என்று கேட்டார். ஜெனோவா அவரை மைதானத்துக்குக் கூட்டிப்போய் மேலே காட்டினாள்.

"ஆட்டம் முடியல பாதர்."

அதற்குத் தோதாக உருளைக்கிழங்கு லொறி ஓட்டுகிறவன் ஒரு சேதி கொண்டு வந்தான். புத்தளத்தில் அகதி முகாம் வாசலில், பச்சையும் மஞ்சளும் கோடு போட்ட எங்கள் ஜேர்சியை, முதுகில் பதினைந்து என்று இருந்ததை, தன் கண்ணால் கண்டானாம். முகத்தைப் பார்த்தாயா என்று கேட்டோம். லொறியை நிறுத்த இடமில்லை, முதுகைத்தான் பார்த்தேன் என்றான். முதுகு போதும் எங்களுக்கு. ஜெனோவா அன்று கறி ஆக்கினாள், கோட்டைத் துவைத்து வெயிலில் போட்டாள், அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்து நாங்களும் வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டோம். அதன்பிறகு அவள் ஒவ்வொரு மாலையும் பள்ளிக்கூடம் விட்டதும் கோட்டைப் போட்டுக்கொண்டு நடுக்கோட்டில் போய் நின்று அண்ணாந்து பார்ப்பாள், மூடுபனி பந்தை மறைத்ததும் வீட்டுக்குப் போவாள்.

இப்படியே ஒரு மழைக்காலம் போய் அடுத்தது வந்தது. அப்போதுதான் இராணுவம் வந்தது.

விமானத்தில் போன யாரோ, மலைக்கு மேலே அடையாளம் தெரியாத பொருள் ஒன்று நிற்பதாக மேலிடத்துக்குச் சொல்லியிருக்கிறார்கள். போர்க் காலம். மேலிடத்துக்கு விளக்கம் தேவைப்படவில்லை, அகற்றிவிடு என்று கட்டளை போட்டுவிட்டது. ஜீப்பில் வந்து இறங்கிய கப்டன் ரணவீரவைப் பண்டார உடனே அடையாளம் கண்டுகொண்டான், ஏனென்றால் அவர் பேங்கொக்கில் கிளமென்ட்டோடு ஆடியவர், நாட்டு அணியில் ஒன்பதாம் இலக்கம். கப்டன் மைதானத்தின் ஓரத்தில் நின்று மேலே வெகுநேரம் பார்த்தார். பிறகு தென்னக்கோன் மாஸ்டரிடம் சிங்களத்தில் சொன்னார்.

"நாளை மாலை, மூடுபனி இறங்குவதற்கு முன்னால் சுட வேண்டும். எனக்கு வேறு வழியில்லை சேர்."

செய்தி கேட்டு ஜெனோவா மாஸ்டர் வீட்டுக்கு ஓடினாள். சுட்டால் என்ன ஆகும் என்று கேட்டாள். மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அவர் துடைக்கத் தொடங்கினால் நல்ல சேதி வராது என்று அவரிடம் படித்தவர்களுக்குத் தெரியும்.

"பந்து வெடிச்சா ஆட்டம் அந்த இடத்திலயே முடிஞ்சிரும் டீச்சர். யாரும் தொடல, யாரும் பிடிக்கல. நான் விசில் ஊதணும்."

"முன்னுக்கு நிக்கிறவங்க?"

"நின்ன இடத்திலயே முடிஞ்சிரும். பிறகு அவங்களத் தாண்ட ஆளில்ல, தாண்டுறதுக்கு ஆட்டமும் இல்ல."

"வேற வழியே இல்லையா மாஸ்டர்?"

"கிளமென்ட் வரணும். இல்லாட்டி அவனுக்குப் பின்னால நின்ன ஒரு ஆள் வரணும். அப்படி யாரு இருந்தா? கடைசி ஆள் அவன்தானே."

மறுநாள் காலை பஸ்ஸிலிருந்து பதினைந்தாம் இலக்க ஜேர்சி இறங்கியது. எங்களுக்கு முதலில் தெரிந்தது முதுகுதான். சந்தி முழுக்க ஒரு சத்தம் எழும்பியது, பேக்கரியின் பின் வாசலிலிருந்து பண்டார மாவுக் கையோடு ஓடி வந்தான். ஜேர்சி திரும்பியது. அதற்குள் இருந்தது வேறொரு மனிதர். ஐம்பது வயதிருக்கும், தாடி, தலையில் தொப்பி, ஒரு கால் இழுத்து நடை. மன்னார்ப் பக்கம் சைக்கிளில் துணி விற்றுத் திரிந்த அபூசாலி என்று தன் பெயரைச் சொன்னார். புத்தளத்தில் எங்கள் லொறிக்காரன் பார்த்த முதுகு இதுதான். ஒரு வருஷமாக நாங்கள் நம்பி வாழ்ந்த முதுகு.

முஸ்லிம் அண்ணன்மாரை அழைக்கிற வழக்கப்படி நானா என்று கூப்பிட்டு, டீச்சர் வீட்டை மட்டும் காட்டினோம்.

ஜெனோவா கதவைத் திறந்தாள், ஜேர்சியைப் பார்த்தாள், உடனே இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.

"சொல்லாதீங்க நானா. ஒண்ணும் சொல்லாதீங்க."

"தங்கச்சி, நான் சொல்லத்தான் இவ்வளவு தூரம்..."

"வேணாம்!"

கதவு சாத்திக்கொண்டது. அபூசாலி வாசற்படியில் உட்கார்ந்தார். மத்தியானம் ஆனது, பந்தின் நிழல் நடுக்கோட்டுக்கு வந்துபோனது, ஓட்டோக்காரர்கள் சாப்பிடப் போகவில்லை. இராணுவ லொறி மைதானத்துக்கு வந்தது. துப்பாக்கியைக் காலூன்றி நிறுத்தி, ஒரு சிப்பாய் குப்புறப் படுத்துக் குறி பார்க்கத் தொடங்கினான். பதினான்கு பேரும் ஒருவர் பின் ஒருவராக வந்து, போன வருஷம் நின்ற அதே இடங்களில் நின்றார்கள், சிலருக்குத் தொப்பை போட்டிருந்தது, ஒருவனுக்கு மூச்சு வாங்கியது. ஊரே கோட்டோரமாக நின்றது. மலைக்குப் பின்னாலிருந்து பனி கிளம்பி வருவது தெரிந்தது, பனி வருவதற்குள் சுட வேண்டும் என்பது கட்டளை, இவ்வளவு சீக்கிரமாகப் பனி வர வேண்டாம் என்று ஒரு பாதி நெஞ்சும், வந்து மூடட்டும் என்று மறுபாதி நெஞ்சுமாக நாங்கள் நின்றோம்.

அந்த நேரத்தில்தான் ஜெனோவா கதவைத் திறந்தாள். வாசற்படியில் இருந்தவரின் முகத்தைப் பார்க்காமல், அவர் முதுகில் இருந்த இலக்கத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அவரு விழுந்தப்ப நீங்க அவருக்கு முன்னால இருந்தீங்களா, பின்னாலயா?"

அபூசாலி திரும்பவில்லை.

"பின்னால தங்கச்சி. எனக்குக் காய்ச்சல், நடுங்கிப் போனேன். சட்டையக் கழட்டித் தந்துட்டு, மெதுவா வாங்க நானா, நான் முன்னுக்குப் பாதை பாக்குறேன் எண்டு போனாரு. பத்தடி பின்னால வந்தேன்."

அவள் அப்படியே நிலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கேட்டுவிட்டாள், தெரிந்துவிட்டது, ஒரு வருஷமாகப் பொத்தி வைத்த காது அந்த ஒரு வார்த்தைக்குத் திறந்து மூடியது. அவள் அழவில்லை. எழுந்து கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"ஓட முடியுமா உங்களால?"

"கால்ல ஷெல் இரும்பு கிடக்குது. ஓடினா விழுவேன்."

"விழுந்தா எழும்புங்க. நான் முன்னுக்கு நிக்கிறேன்."

அவரைக் கோவாப் பாத்தி வழியாக அழைத்து வந்து, கிளமென்ட் நின்று உதைத்த கடைசிக் கோட்டில் விட்டுவிட்டு, அவள் பதினான்கு பேரையும் கடந்து நடுக்கோட்டில், எல்லோருக்கும் முன்னால், பந்துக்கு நேர் கீழே போய் நின்றாள். கப்டன் கையை உயர்த்தியிருந்தார். அவர் வாயைத் திறந்தார்.

அபூசாலி ஓடத் தொடங்கினார். அதை ஓட்டம் என்று சொல்ல முடியாது, ஒரு காலை எறிந்து மற்றக் காலை இழுத்து வந்தார், முதலாமவனைத் தாண்டினார், இரண்டாமவனைத் தாண்டினார், தாண்டப்பட்டவன் ஒவ்வொருவனும் நீரிலிருந்து தலையை வெளியே எடுத்தவன்போல மூச்சை இழுத்துவிட்டு அவருக்குப் பின்னால் ஓடத் தொடங்கினான். பாதி வழியில் விழுந்தார். பண்டாரவுக்கு நேர் பின்னால் விழுந்தார், பண்டார திரும்பி அவரைத் தூக்கத் துடித்தான், "தொடாதே!" என்று மாஸ்டர் கத்தினார், தாண்டும் வரை தொடக் கூடாது. அபூசாலி கையை ஊன்றினார். எழும்பினார்.

படுத்திருந்த சிப்பாய் கப்டனைப் பார்த்தான், பனி கம்பத்தைத் தொட்டுவிட்டது. கப்டன் தன் கண்ணுக்கு முன்னால் பதினைந்தாம் இலக்கம் ஓடிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கை கீழே இறங்கவில்லை, மெதுவாக மடங்கித் தலைக்குப் போய்த் தொப்பியைக் கழற்றியது.

"சுடாதே," என்றார் சிங்களத்தில். "பந்து ஆட்டத்தில் இருக்கிறது."

அபூசாலி ஜெனோவாவைத் தாண்டினார். தாண்டி இரண்டடி போய் முகம் குப்புற விழுந்தார்.

பந்து இறங்கியது. ஒரு வருஷத்து உயரத்திலிருந்து, மற்றப் பந்துகள் இறங்குவதைப் போலவே, சுழன்றுகொண்டு இறங்கியது, ஜெனோவா இரண்டு கையையும் ஏந்தினாள், அது அவள் நெஞ்சில் வந்து மோதியது, அவள் இரண்டடி பின்னால் தள்ளாடினாள், விடவில்லை. உதைத்த சூடு அதில் இன்னும் இருந்தது என்று பிறகு சொன்னாள்.

எதிரணி கொழும்பில் இருந்தது. அவளுக்கு முன்னால் பாதி மைதானம் வெறுமையாகக் கிடந்தது. ஓடிப் போய் அந்தப் பக்கத்துக் கோட்டில் பந்தை வைத்தால் அந்தக் காலத்துக் கணக்கில் நாலு புள்ளி, எங்களுக்கு வேண்டியதோ இரண்டை மிஞ்சுவதுதான். மனுஷப் புத்தி எப்படிப்பட்டது பாருங்கள், அந்த நிமிஷத்தில்கூட நாங்கள் கத்தினோம், ஓடுங்க டீச்சர், ஓடுங்க, என்று ஊரே தொண்டை கிழியக் கத்தினோம்.

அவள் எங்களைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு பந்தை மடியோடு அணைத்துக்கொண்டு, பின்பக்கமாகத் திரும்பி நடந்தாள். பதினான்கு பேரும் விலகி வழிவிட்டார்கள். எங்கள் சத்தம் அடங்கிப் போனது. அவன் ஓடி வராத பாதை முழுவதையும் அவள் நடந்து போனாள், அவன் நின்ற கடைசிக் கோட்டைத் தாண்டினாள், கோவாப் பாத்திக்கு முன்னால் மண்டியிட்டாள், பந்தைத் தரையில் வைத்து, அது உருளாமல் இரண்டு உள்ளங்கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

தென்னக்கோன் மாஸ்டர் விசிலை வாயில் வைத்தார். ஊதவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஊதுங்க மாஸ்டர்," என்றாள்.

அவர் ஊதினார். நீளமாக ஊதினார், மூச்சு முடியும் வரை ஊதினார். இரண்டு புள்ளியால் தோற்றோம்.

கோட்டோரமாக நின்ற பாதர் சிலுவை போட்டார். பதினான்கு பேரும் நின்ற இடத்திலேயே உட்கார்ந்து பிள்ளைகளைப் போல அழுதார்கள். பண்டார அபூசாலியைத் தூக்கித் தோளில் சாய்த்து, அவர் ஒரு காலை இழுத்து இழுத்து வர, கடைசிக் கோட்டுக்குக் கூட்டி வந்து ஜெனோவாவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தான். பனி எங்களை ஒருவரிடமிருந்து ஒருவரை மறைத்துக்கொண்டிருந்தது.

அவள் பந்திலிருந்து கையை எடுத்தாள். கோட்டைச் சரிசெய்துகொண்டு, முதன்முறையாக அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தாள்.

"இப்ப சொல்லுங்க நானா," என்றாள். "முதல்லருந்து சொல்லுங்க."